ராணியின் முதுகுக்குப் பின்னால்

1949 டிசம்பர் 9, வெள்ளி. மேடான்.

இன்று காலை சந்தை வாரியத்திலிருந்து கைவண்டியில் ஏழு பிரேம் வந்து இறங்கின. ஆறு சின்னது, ஒன்று என் இடுப்பு உயரம். ஏழிலும் டச்சு ராணி யூலியானா. ஏழு பேரையும் கடைச் சுவரில் சாய்த்து வைத்தேன். முருகன் படத்துக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருந்த சாமிக்கண்ணு வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள பெரிய எடத்து ஆளுங்க இருக்காங்க போல, அப்புறம் வர்றேன்” என்று போய்விட்டான்.

வேலை இதுதான்: ராணியை எடுத்துவிட்டு ஜனாதிபதி சுகர்னோவை வைக்க வேண்டும். 27ஆம் தேதி டச்சுக்காரர்கள் நாட்டை ஒப்படைக்கிறார்கள். அன்றைக்கு வாரிய அலுவலகங்களில் எல்லாம் புதுப் படம் தொங்க வேண்டுமாம். சுருட்டிய புதுப் படங்களைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தவர் வாரியத்தின் புது மேலாளர் ஹராஹாப். ஒல்லி, அடர்ந்த மீசை, சிரிக்கிற பழக்கம் கிடையாது. சுகர்னோ பக்கத்துக் குடியரசுக்காரர்களின் துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்ததற்காக டச்சுக்காரன் சிறையில் பதினாலு மாதம் இருந்தவர். எங்கள் கடைவரிசை முழுக்க வாரியத்துக்குச் சொந்தம். வெளிநாட்டுக்காரர்களின் குத்தகை எல்லாம் 31ஆம் தேதியோடு முடிகிறது. யாருக்குப் புதுப்பிப்பது, யாரைக் காலி செய்யச் சொல்வது என்பது ஹராஹாப் கையில். படத்துக்குக் கண்ணாடி போடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. கடை போனால் இந்த ஊரில் எனக்கு இடமில்லை.

எனக்கென்ன. பினாங்கு போய்விட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது. வந்து பதினெட்டு வருஷமாகிறது, போதும். இதைச் சுதினாவிடம் சொன்னேன். என் மனைவி ஜாவாக்காரி, இங்கே புகையிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என்னைவிட நன்றாக நாகப்பட்டினத் தமிழ் பேசுகிறாள். வாரா வாரம் கேட்கிற செய்தி என்பதால் தலை நிமிரவில்லை. “நான் வரமாட்டேன்னும் வாரா வாரம் சொல்றேன்ல” என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

ஏழையும் முடித்துவிட்டேன். ராணியை எடுக்கவில்லை. அதாவது, முன்னாலிருந்து எடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். சாமி படம் நிறம் போய்ப் பழசாகிவிட்டால் அதைக் குப்பையில் போடமாட்டோம், கிழிக்கவும் மாட்டோம். புதுப் படத்துக்குப் பின்னால் அப்படியே வைத்து அட்டையாக்கிவிடுவோம். இந்தத் தெருவில் சிரிக்கிற ஒவ்வொரு முருகனுக்கும் பின்னால் வயதான முருகன்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். கும்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் லாபம்தான். சாமிக்குப் பழகின கை ராணிக்கு மட்டும் வேறு மாதிரி போகுமா. தவிர, சண்டைக் காலத்திலிருந்து இந்த ஊரில் நல்ல அட்டை கிடையாது. ராணி படம் ஹாலந்துக் காகிதம், நல்ல கனம். ஜனாதிபதியை முன்னால் வைத்து, ராணியை முதுகில் கொடுத்து, மேலே பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டேன்.

பெரிய பிரேமைச் சுதினா செய்தாள். அது எப்போதும் அவள் வேலைதான். பெரிய படத்துக்குப் பின்பக்கம் சுருக்கமில்லாமல் காகிதம் ஒட்ட நிதானம் வேண்டும். அது எனக்குக் கிடையாது. இன்று அவள் அதை உள்கட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாக உட்கார்ந்து செய்தாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். உள்கட்டில் ஜன்னலே கிடையாது. பெண்கள் சொல்வதையெல்லாம் ஆராய்ந்தால் ஆயுள் போதாது.

டிசம்பர் 14, புதன்

ஏழையும் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். ஆறு சின்னது ஆறு சந்தை அலுவலகத்துக்கு, பெரியது வாரிய மண்டபத்துக்கு. ஹராஹாப் பெரிய படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், மீசையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குத்தகை விஷயம் பாதி முடிந்த மாதிரி.

டிசம்பர் 15, வியாழன்

மழை. பசை காயவில்லை. பக்கத்து ஜவுளிக்கடை நெய்னா மரைக்காயர் நாகூர்க்காரர், கெட்டிக்காரர். அவரிடம் டச்சுக் கொடி மூன்று கட்டுத் தேங்கிக் கிடந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். இந்தோனேசியக் கொடிக்குச் சிவப்பும் வெள்ளையும் போதும். நேற்றும் இன்றும் உட்கார்ந்து நீலத்தை மட்டும் கிழித்தெடுத்தார். கொடிகள் விற்றுப்போயின. நீலப் பட்டைகளை வைத்துத் தன் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துவிட்டார். அரசியலில் எதையும் வீணாக்கக் கூடாது என்கிறார். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

டிசம்பர் 17, சனி

வாரியத்திலிருந்து சுற்றறிக்கை. 27ஆம் தேதி காலை கொடியேற்றியதும் ஏழு படங்களும் மண்டபத்துக்குக் கொண்டுவரப்படும். மேலாளர் தன் கையாலேயே பிரேம்களைத் திறப்பார். ஜனாதிபதி படத்தின் பின்பக்கத்தில் ஊழியர்கள் எல்லோரும் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள், வருங்காலத்தவர் பார்த்துப் பெருமைப்பட. குத்தகைக்காரர்கள் குடும்பத்தோடு வர வேண்டும்.

மூன்று தரம் படித்தேன். நாலாவது தரம் சுதினாவைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாலும் அதேதான் இருந்தது.

பதினாலு மாதம் சிறையிலிருந்த மனிதர், சுதந்திர நாளன்று, ஊரே பார்க்க, ஜனாதிபதிக்கு முதுகு கொடுத்துக்கொண்டு நிற்கிற டச்சு ராணியை வெளியே எடுக்கப்போகிறார். ஒரு தரம் இல்லை, ஏழு தரம். வைத்தவன் யார் என்று கேட்பார்கள். டச்சுக்காரன் கையாள் என்பார்கள். நான்கு வருஷம் முன்னால் இந்த ஊரில் அந்தப் பேர் வாங்கினவர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. இப்போது அவ்வளவு மோசமில்லை என்று மரைக்காயர் சொல்கிறார். அவ்வளவு என்றால் எவ்வளவு என்று கேட்டதும் தன் கடைக்குள் போய்விட்டார்.

சின்னதில் ஒரு ராணிதான். பெரியதில் ஒரு கூட்டமே இருக்கிறது. சண்டைக்கு முன்னால் அதில் ராணி வில்ஹெல்மினா இருந்தாள், இப்போதைய ராணியின் அம்மா. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தான். அம்மாவைப் பின்னால் தள்ளி, அவன் கொடுத்த உதயசூரியன் படத்தை வைத்தேன். நாற்பத்தைந்தில் அவன் தோற்றான். ஜகார்த்தாவில் சுதந்திரம் அறிவித்து, அந்தச் செய்தி ஆடி அசைந்து மேடானுக்கு வந்து சேர்ந்ததும் ஜனாதிபதி படம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள், மட்டமான அச்சு. அதை வைத்தேன். பிறகு டச்சுக்காரன் திரும்பி வந்தான். குடியரசுப் படம் இருக்கிற வீட்டில் சோதனை போடுகிறார்கள் என்று பேச்சு. அந்தப் படத்தை அடுப்பில் போடச் சொல்லிச் சுதினாவிடம் கொடுத்தேன். என் தொழிலில் நான் அழித்த ஒரே படம் அது. கடைசியில் இருந்த அம்மா ராணியை எடுத்து மறுபடி முன்னால் வைத்தேன். அதே ராணி, அதே பிரேம், நடுவில் ஒரு யுத்தம். போன வருஷம் அம்மா இறங்கி மகள் ஏறினாள்.

ஆக, இன்றைக்கு ஜனாதிபதிக்குப் பின்னால் மகள், மகளுக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் ஜப்பான் சூரியன். ஹராஹாப் பின்பக்கமாகத் திறப்பார். முதலில் சூரியன் உதிக்கும்.

டிசம்பர் 19, திங்கள்

யோசனை கிடைத்துவிட்டது. செல்லரிப்பு. பழைய பிரேமில் செல்லு விழுந்திருக்கிறது, விழாவுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி ஒவ்வொரு அலுவலகமாகப் போய், ராணியை உருவிவிட வேண்டியது.

முதலில் மீன்சந்தை. எழுத்தர் பாவம் நல்லவர், நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். ராணியை எடுத்தேன். எங்கே வைப்பது என்று யோசிக்காமல் வந்திருக்கிறேன். முதுகில் பனியனுக்குள் சொருகிக்கொண்டு சட்டையைப் போட்டுக்கொண்டேன். காகிதம் கெட்டி, குனிய முடியாது. மீன்காரிகளுக்கு நடுவே விறைப்பாக நடந்து வந்தேன். நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்து அவர்கள் பார்த்ததில்லை. சுதந்திரம் வந்தால் இப்படித்தான் நிமிர்வார்கள் என்று ஒருத்தி இன்னொருத்திக்கு விளக்கினாள்.

டிசம்பர் 20, செவ்வாய்

காய்கறிச் சந்தை முடிந்தது. இறைச்சிச் சந்தை எழுத்தர் செல்லு எங்கே, காட்டு என்றார். இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துதான் வீட்டு முக்காலியைத் தட்டிச் செல்லரித்த தூளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். மேஜையில் தூவிக் காட்டினேன். மனிதர் மிரண்டுபோனார். அலுவலகத்தில் இருக்கிற மேஜை, நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கதவில் நின்றுகொண்டார். முதுகில் ராணியோடு முப்பத்திரண்டு நாற்காலி தட்டினேன். ஒன்றில் நிஜமாகவே செல்லு இருந்தது. கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

டிசம்பர் 22, வியாழன்

ஐந்து ஆயிற்று. ஐந்து ராணிகளும் மெத்தைக்கு அடியில். சுதினா இடுப்பு வலிக்கிறது என்கிறாள்.

ஆறாவது, மாட்டுச்சந்தை. செல்லு என்று நான் தொடங்கியதுமே அங்கே இருக்கிற வயதான எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யார் இருக்கிறாள் என்று தனக்குத் தெரியும் என்றார். காகித ஓரம் பிரிந்திருந்ததாம், பார்த்துவிட்டாராம். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு, அவள் அங்கேயே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். நாற்பத்திரண்டில் போன டச்சுக்காரர்கள் நாற்பத்தேழில் வந்தார்கள், இந்தத் தரமும் வந்துவிட்டால் புதுசாக எங்கே தேடுவது? 27ஆம் தேதி திறக்கப்போகிறார்களே என்று நினைவூட்டினேன். சுற்றறிக்கையை அவர் கடைசி வரை படிக்கவில்லை. உடனே தானே பிரேமைத் திறந்து ராணியை எடுத்து, அலமாரியில் ‘நிலுவை’ என்று எழுதியிருந்த கோப்புக் கட்டில் வைத்துக் கட்டிவிட்டார். அரசாங்க வேலை என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டிசம்பர் 24, சனி

பெரிய பிரேமுக்காக வாரிய மண்டபம் போனேன். செல்லு என்றேன். ஹராஹாப் எழுந்து, தானே நாற்காலி மேல் ஏறி, பிரேமைச் சுற்றி விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பழைய தேக்கு, இதைக் கடித்தால் செல்லுக்குப் பல் போய்விடும் என்று இறங்கினார். கண்ணாடி துடைக்கட்டுமா என்றேன். காலையில்தான் தானே துடைத்ததாகச் சொன்னார்.

தேநீர் வரவழைத்தார். குடிக்காமல் வர முடியவில்லை. தன் சிறைக் கதையைச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த அந்தப் பிரசுரத்தில் ஜனாதிபதியின் படம் இருந்ததாம். விசாரணை அதிகாரி அதை அவர் கண் முன்னாலேயே தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினானாம். அடி வாங்கினது மறந்துவிட்டது, அது மறக்கவில்லை என்றார். “அதே காரியத்தைப் பயத்தில் தானாகவே செய்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் என்னால் வேலை செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டு என் கோப்பையில் சர்க்கரை போட்டார். எனக்கு வேண்டாத சர்க்கரையைக் கலக்கிக் குடித்தேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

நாளைக்கு மண்டபத்துக்கு அலங்காரம் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் உள்ளே புகுந்துவிடலாம் என்று முடிவு செய்து, ஆணி பிடுங்குகிற குறடைத் தேடினேன். காணோம். கடை முழுக்கக் கொட்டிக் கவிழ்த்தேன். கடைசியில் அரிசிப் பானைக்குள் இருந்தது. சுதினாதான் ஒளித்துவைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“அபாங், அதைத் தொடாதீங்க. திறக்கட்டும்” என்றாள். அபாங் என்றால் இங்கே அண்ணன். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற முறையாம், எனக்கு இன்னும் பழகவில்லை.

“திறந்தா என் கதி என்னன்னு தெரியுமா?”

“தெரியும். திறக்கட்டும்.”

குறடை மறுபடி பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. கடை போகட்டும், கப்பலேறட்டும், தொல்லை விடட்டும் என்று நினைக்கிறாள். பத்து வருஷம் ஒருத்தனோடு இருந்தால் சலித்துத்தான் போகும். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பசியில்லை, அவ்வளவுதான். சாயங்காலமும் பசியில்லை.

டிசம்பர் 26, திங்கள்

குறடு இல்லாமலே போனேன். மண்டபத்தைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக ஜனாதிபதி தெரிந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மரைக்காயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, நான் இல்லாத சமயத்தில் சுதினாவுக்கு வேண்டிய ஒத்தாசை செய்வதாக வாக்களித்தார். ஆறுதலாக இல்லை.

மெத்தைக்கு அடியில் இருக்கிற ராணிகளை அழிக்கவும் மனம் வரவில்லை. சாமிக்கண்ணுவின் முருகனுக்குக் கண்ணாடி மாற்றி முடித்தேன். அட்டை தேவைப்பட்டது. ஒரு ராணிக்கு இடம் கிடைத்தது. முருகன் பார்த்துக்கொள்வார்.

டிசம்பர் 27, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கொடி ஏறியது. சிவப்பும் வெள்ளையும். பக்கத்தில் நின்ற காய்கறிக்காரர்கள் அழுதார்கள். எனக்கும் கொடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன். சுதினா நல்ல கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் நிற்காமல் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். அவள் கன்னம் முழுக்கக் கண்ணீர். நான் போவதற்கு முன்னாலேயே அழத் தொடங்கிவிட்டாள் என்று எண்ணினேன்.

மண்டபத்தில் மேஜை போட்டு ஏழு படத்தையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சின்னது ஆறும் சுத்தமாகத் திறந்தன. கையெழுத்துப் போட்டார்கள். மாட்டுச்சந்தை எழுத்தர் எல்லோரையும்விடப் பெரிதாகப் போட்டார். பிறகு பெரியது. ஹராஹாப் பேனாக்கத்தியால் பழுப்புக் காகிதத்தைக் கீறி, மேலாக இருந்ததை எடுத்துத் திருப்பினார்.

சூரியன் உதித்தது.

கூட்டம் ஒரே சத்தமாகி, உடனே அடங்கியது. ஹராஹாப் என்னைத் தேடிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அடுத்தது அம்மா. அவளும் வந்துவிட்டால் நான் வாசலுக்குப் போவதா, மன்னிப்புக் கேட்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுத்ததை எடுத்துத் திருப்பினார். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா இல்லை. ஜனாதிபதி. நாற்பத்தைந்தில் வந்த அந்த மட்டமான அச்சு. இடது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது.

ஹராஹாப் அதை மேஜையில் வைத்துவிட்டு மற்றதையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். அம்மா. மகள். புது ஜனாதிபதி. பிறகு கருகின படத்தை மறுபடி கையில் எடுத்தார். டச்சுக்காரன் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க, அவன் தலைக்கு மேலே, அவன் ராணியின் முதுகுக்குப் பின்னாலேயே ஜனாதிபதி இருந்திருக்கிறார் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். யாரோ மெர்தேக்கா, அதாவது விடுதலை, என்று கத்தினார்கள். மண்டபமே கத்தியது. மரைக்காயர் என்னை இடித்தார், நகரு என்று. ஹராஹாப் என் முன்னால் வந்து நின்றார்.

“இதை நீங்கள்தான் வைத்தீர்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கடை இருக்கும், மரியாதை இருக்கும், கப்பல் பேச்சு இல்லை. மரைக்காயர் என் முதுகில் ஆமாம் என்று விரலால் எழுதிக்கொண்டிருந்தார். நான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சுதினா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த உள்கட்டு, அந்த அரிசிப் பானை, திறக்கட்டும் என்றது, எல்லாம்.

“இல்லை” என்றேன். “டச்சுக்காரன் வந்தபோது பயந்துபோய், அடுப்பில் போடு என்று நான்தான் கொடுத்தேன். அவள் போடவில்லை. வைத்தது என் மனைவி. எனக்கு இந்த நிமிஷம்தான் தெரியும்.”

மலாய் மொழியில் இவ்வளவு நீளமாக நான் பிழையில்லாமல் பேசினது அதுதான் முதல் தடவை. மரைக்காயரின் விரல் நின்றுவிட்டது.

ஹராஹாப் என்னை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சுதினாவிடம் போய், இரண்டு கையாலும் படத்தை ஏந்திக் கொடுத்து, முதல் கையெழுத்தை அவள் போட வேண்டும் என்று கேட்டார். அவள் நிறுத்தி நிதானமாகப் பேரை எழுதினாள். பிறகு அவர் புதுப் படத்தைப் பின்னால் வைத்து, கருகினதை முன்னால் வைத்துக் கண்ணாடி போடச் சொல்லிவிட்டு, குத்தகையைப் பற்றி 31ஆம் தேதி பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் என் திசையில் சொன்னார்.

இரண்டு ராணிகளையும் சூரியனையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 28, புதன்

மத்தியானம் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். சோதனை போட்டிருந்தால் இரண்டு பேரையும் சுட்டிருப்பார்கள், தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா உங்க மூஞ்சி சொல்லிடும். மாசா மாசம் அந்த ஆபீசுக்குக் கண்ணாடி துடைக்கப் போனீங்கள்ல.”

அது உண்மைதான். அந்தக் கண்ணாடியை எத்தனை தரம் அந்த அதிகாரியின் தலைக்கு மேல் நின்று துடைத்திருக்கிறேன்.

அடுப்பில் போட்டாளாம். ஓரம் பற்றிக்கொண்டதும் மனசு கேட்காமல் கையால் அணைத்து எடுத்துவிட்டாளாம். அந்த வாரம் அவள் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. வடை சுட்டபோது பட்டது என்று சொன்னதை நான் நம்பினேன். அந்த வாரம் வடையே சுடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

“எங்கப்பாவைத் தோட்டத்துல பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, நம்பருதான். செத்தப்பவும் நம்பரைத்தான் எழுதுனாங்க. இந்த மனுசன் ரேடியோவுல பேசுறப்ப நாமன்னு சொன்னாரு. அதுல எங்கப்பாவும் உண்டுன்னு எனக்குத் தோணுச்சு. அந்த மூஞ்சிய எப்படி எரிக்கச் சொல்றீங்க?”

திறக்கட்டும் என்று ஏன் சொன்னாய், நான் தொலையட்டும் என்றுதானே என்று கேட்டேன். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது, அது ஜலதோஷம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரிதான்.

“கப்பல் கப்பல்னு நிக்கிறது நீங்க. எப்படியும் போறவரு நல்ல பேரோட போகட்டும், நீங்க வச்சதாவே ஊரு நினைக்கட்டும்னு இருந்தேன். நேத்து ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கெடுத்தது யாரு?”

டிசம்பர் 29, வியாழன்

கருகின படத்துக்குக் கண்ணாடி போட்டேன். பின்பக்கம் காகிதம் நானே ஒட்டினேன். சுருக்கம் விழுந்துவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன்.

டிசம்பர் 31, சனி

வாரியத்துக்கு இரண்டு பேரும் போனோம். ஹராஹாப் சுற்றி வளைக்கவில்லை. ஜனாதிபதியை அடுப்பில் போடச் சொன்னவருக்குத் தன்னால் குத்தகை தர முடியாது என்றார். சரி என்றேன். அதை ஊர் முன்னால் தானாகவே ஒப்புக்கொண்டவர் வேறு யாரும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். கடையைச் சுதினாவின் பேருக்கு எழுதச் சொல்லிவிட்டார்.

எழுத்தர் படிவத்தை எடுத்தார். கடைக்காரர்: சுதினா. தொழில்: படங்களுக்குக் கண்ணாடி போடுதல். கூடத் தங்கும் வெளிநாட்டுக்காரர்: உத்திராபதி, அதாவது நான். வேலை என்ன என்று கேட்டார். சுதினா யோசித்து, உதவியாள் என்றாள். யோசிக்காமல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை எப்படி என்று ஹராஹாப் கேட்டார். நிதானம் போதாது, போகப் போக வரும் என்றாள். இந்தத் தரம் அவர் சிரித்தார், மீசையையும் மீறித் தெரிந்தது.

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. வெளிநாட்டுக்காரர் எந்தத் தேதி வரை தங்குவார்? எழுத்தர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சுதினாவைப் பார்த்தார். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் இதற்கு மட்டும் என் பக்கம் திரும்பி, தமிழில், யாருக்கும் புரியாதபடி கேட்டாள்.

“நீங்களே சொல்லுங்க. என்னன்னு எழுதட்டும்?”

இந்த நோட்டில் நான் எழுதினதை எல்லாம் அவள் படித்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். அல்லது படித்ததால்தான் கேட்டாளோ என்னவோ, இதை நான் பூட்டி வைப்பதில்லை. பதினெட்டு வருஷமாக வாரா வாரம் கப்பலேறினவன் நான். இவளில்லாத ஊரில் இறங்கி நான் என்ன செய்வேன்.

“எனக்குப் போக வேணாம் சுதினா. நான் எப்பவும் போறதா இல்ல” என்றேன்.

அவள் எழுத்தரிடம் மலாயில் சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எழுத்தர் தலையைச் சொறிந்து, இந்தக் கட்டத்தில் தேதிதான் எழுத வேண்டும், இப்படியெல்லாம் எழுத விதியில்லை என்றார். ஹராஹாப் படிவத்தை வாங்கி, அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.